காதால் குடித்த பீர்

"குருவே, நுரை வரல."

பாதி தூக்கியிருந்த காரேஜ் கதவுக்கு அடியில் குனிந்து நுழைந்தபடியே சங்கரலிங்கம் சொன்னார். இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் பீப்பாயைக் கட்டிப் பிடித்திருந்தார்.

ரெஜினா அப்போதுதான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தாள். மெல்பர்னில் டிராம் ஓட்டுகிறவள். சொந்த ஊர் தூத்துக்குடி. வீட்டில் பீர் காய்ச்சுவதில் அந்தப் பக்கத்துத் தமிழர்களில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவள் செய்த பாவம். சனிக்கிழமையானால் யாராவது ஒருவர் சந்தேகத்தோடு வந்து நிற்பார்.

"குருன்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்காரன் இங்க ஏதோ மடம் நடக்குன்னு நெனைக்கான்."

"சரி குருவே."

ரெஜினா கண்ணை மூடித் திறந்தாள்.

சங்கரலிங்கம் அவளைவிட ரொம்ப மூத்தவர். ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தாலும் பழக்கம் முடியவில்லை. வீட்டில் பருப்பு வேகும்போது குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பார்ப்பார். தோசையைத் திருப்புவதற்குள் ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பார். சமையலறைக்குக் கதவு போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவர் மனைவி செண்பகம் அலுத்துப்போய்விட்டாள்.

"பீப்பாயைக் கீழ வைங்க."

வைத்தார். வைத்துவிட்டு, சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பீருக்கு நுரை தருவது அதில் கரைந்திருக்கும் வாயு. அதை உள்ளே கொண்டுவர இரண்டு வழி உண்டு. பீப்பாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடிவிட்டால், புளிக்க வைத்ததில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று தானாகவே வாயு விடும். சில வாரம் ஆகும். இல்லாவிட்டால் சிலிண்டரைப் பொருத்தி வாயுவை உள்ளே தள்ளிவிடலாம். சீக்கிரம் முடிந்துவிடும்.

இவ்வளவுதான் விஷயம். இதற்காக அந்த ஊர்த் தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். மொத்தமே ஏழெட்டுப் பேர். வாட்ஸ்அப் குழுவில் இயற்கைக் கட்சிக்காரர் தன் பீரைப் படம் எடுத்துப் போட்டால் சிலிண்டர் கட்சிக்காரர் ஒரு கட்டைவிரல்கூடக் காட்ட மாட்டார். ஒரு வீட்டுக் காதுகுத்துக்கு எதிர்க்கட்சி போகவில்லை என்றும் பேச்சு. தண்ணியைப் போட்டுவிட்டுச் சண்டை போடும் ஆண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணி தயாராவதற்கு முன்பே சண்டை போட்டவர்கள் இவர்கள்தான்.

சங்கரலிங்கம் இயற்கைக் கட்சி. அதிலும் தீவிரம்.

"சர்க்கரை போட்டீங்களா?" ரெஜினா கேட்டாள்.

"போட்டேன்."

"கொதிக்க வச்சு ஆறின தண்ணியில கரைச்சு?"

"கரைச்சு."

"குளிர் காலம். சூடான எடத்துல வச்சீங்களா?"

"செண்பகத்தோட கம்பளியைச் சுத்தி வச்சேன். அது பத்தலைன்னு அவ சால்வையையும்."

"மூடும்போது ஒரு தடவை கேஸ் அடிச்சீங்களா?"

சங்கரலிங்கத்தின் முகம் மாறியது.

"கேஸா?"

"கேஸ்தான்."

"சிலிண்டர் கேஸா?"

"வேற என்ன கேஸ் அண்ணாச்சி இருக்கு?"

"அதை என் பீப்பாய்கிட்ட அண்டவிட மாட்டேன். தானா வரணும். நான் எதையும் கட்டாயப்படுத்துத ஆள் இல்ல."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அழுத்திக் காதில் வைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஓய்ந்தது.

"யாரு?"

"என் மக வானதி."

"ஏதும் அவசரமா?"

"இல்ல, சும்மா. கோபம் போச்சான்னு கேக்க."

நடந்தது இதுதான். வானதி ஒரு வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அவளால் காத்திருக்க முடிந்தது. அப்பாவால் முடியவில்லை. அந்த அலுவலகத்துக்கே போன் போட்டு, என் மகளுக்கு எப்போது பதில் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டார். அவர்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பார்த்துவிட்டார்களா என்று மறுநாளும் கேட்டார்.

வேலை கிடைக்கவில்லை. எதனால் கிடைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே அவளிடம் சொல்லிவிட்டார், உங்கள் அப்பா போன் செய்தார் என்று. வானதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரின் அந்தக் கோடியில் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகும்போது வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாள். "கொஞ்ச நாள் என்னை விட்டுருங்கப்பா. நானே வருவேன்."

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் போன் போடுகிறார்.

"இந்தப் பீப்பாய் அவ வாங்கிக் குடுத்தது." சங்கரலிங்கத்தின் குரல் இறங்கியிருந்தது. "நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு. 'அப்பா, இனிமே இதை நோண்டுங்க, என்னை விட்டுருங்க'ன்னு சொல்லிச் சிரிச்சா. முதல் கிளாஸ் எனக்குத்தான்னா. பீரு நல்லா வந்துட்டா, 'வாம்மா, உன் கிளாஸ் ரெடி'ன்னு கூப்பிடலாம். வேற என்ன சொல்லி அவளைக் கூப்பிட?"

ரெஜினா பீப்பாய் பக்கம் நகர்ந்தாள். சோப்புத் தண்ணீரை எடுத்து மூடியைச் சுற்றித் தெளித்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். விளிம்பில் ஒரு இடத்தில் சின்னக் குமிழி எழுந்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

"இந்தா போகுது உங்க இயற்கை."

"எங்க?"

"சந்து வழியா. மூடியில ரப்பர் இருக்கு, குக்கர் கேஸ்கெட் மாதிரி. உள்ளேயிருந்து பலமா அழுத்தினாத்தான் அது சரியா உக்காரும். ஈஸ்ட் மெதுமெதுவா விடுத காத்துக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால மூடின கையோட ஒரு தடவை கேஸ் அடிக்கணும். டக்குன்னு உக்காரும். அப்புறம் கையை எடுத்துரணும். மீதியை ஈஸ்ட் பாத்துக்கிடும்."

"அப்போ அது கலப்படம் ஆயிராதா?"

"ஆகாது."

"இயற்கைன்னு குழுவுல போடலாமா?"

"போடுங்க."

"ரெண்டு தடவை அடிச்சா இன்னும் நல்லா உக்காருமா?"

ரெஜினா எழுந்தாள். காரேஜ் கதவை முழுக்கத் தூக்கினாள். வெளியே கையைக் காட்டினாள்.

அன்று சாயந்திரமே சங்கரலிங்கம் குழுவில் போட்டுவிட்டார்: மூடி உட்காருவதற்காக ஒரே ஒரு தடவை கேஸ் அடிப்பது இயற்கைக்கு விரோதமில்லை, குருவே சொல்லிவிட்டார். 

இயற்கைக் கட்சி அன்றே இரண்டாக உடைந்தது. ஒரு தடவை அடிக்கலாம் என்று ஒரு பிரிவு. அடித்தால் அது பீரே இல்லை, சோடா என்று இன்னொரு பிரிவு. இரண்டு பிரிவும் தனித்தனியே ரெஜினாவுக்குப் போன் போட்டன. அவள் குழுவிலிருந்து விலகினாள். யாரோ திரும்பச் சேர்த்தார்கள். மறுபடியும் விலகினாள்.

"குருவே, இப்பவும் நுரை வரல."

சில வாரம் கழித்து அதே கதவு, அதே குனிவு. பீப்பாயைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுக் கூட்டி வந்திருந்தார்.

"கேஸ் அடிச்சீங்களா?"

"அடிச்சேன். ஒரு சிலிண்டரை இரவல் வாங்கி, சாமி படத்தைச் சொவரு பக்கம் திருப்பி வச்சுட்டு."

"உக்காந்துச்சா?"

"டக்குன்னு உக்காந்துச்சு."

ரெஜினா சோப்புத் தண்ணீர் தெளித்தாள். ஒரு குமிழிகூட இல்லை. குழாயைப் பொருத்தி ஒரு கிளாஸ் பிடித்தாள். பீர் ஆறிப்போன கஷாயம் மாதிரி அசையாமல் கிடந்தது. அவளுக்கே குழப்பமாகிவிட்டது. சர்க்கரை, சூடு, மூடி என்று எல்லாவற்றையும் மறுபடி கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 

பிறகு அவள் பார்வை மூடியின் நடுவில் நின்றது.

அங்கே ஒரு சின்ன வளையம் இருக்கும். உள்ளே அழுத்தம் ரொம்பக் கூடிவிட்டால் அதை இழுத்துக் கொஞ்சம் வெளியே விடலாம். மற்றபடி அதற்கு வேலை இல்லை. வாங்கி வருஷக் கணக்கான பீப்பாயிலும் அது மங்கிப்போய்க் கிடக்கும். சங்கரலிங்கத்தின் வளையம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது.

"அண்ணாச்சி, இதைத் தொட்டீங்களா?"

"எதை?"

"இதை."

"ஓ, அதுவா? சும்மா."

"சும்மான்னா?"

"காலையில எந்திரிச்சதும் ஒரு இழுப்பு. உள்ள உயிர் இருக்கான்னு பாக்க. புஸ்ஸுங்கும். மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

"காலையில மட்டுமா?"

"சாயந்திரமும்."

"தினமுமா?"

"ஒருநாள் தவறினதில்ல குருவே. அந்த விஷயத்துல நான் கரெக்ட்டு."

"மாதாவே!"

ரெஜினா தலையில் கை வைத்துக்கொண்டாள். எழுந்து காரேஜுக்குள் ஒரு சுற்று நடந்தாள். சுவரில் மாட்டியிருந்த சுத்தியலைப் பார்த்தாள். அதை எடுக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நுரை எங்கன்னு என்னைக் கேட்டீங்கல்ல?"

"ஆமா."

"புஸ்ஸுன்னு கேட்டுச்சே, அதுதான் நுரை. ஈஸ்ட் பாவம், ராத்திரி பூரா வேலை பாத்துச் சேத்து வச்சிருக்கு. நீங்க தினமும் ரெண்டு வேளை அதைக் காதாலேயே குடிச்சிருக்கீங்க."

சங்கரலிங்கம் வளையத்தைப் பார்த்தார்.

"சும்மா ஒரு சின்ன இழுப்புதானே," என்றார்.

"ஆமா. தினமும் சின்ன இழுப்பு."

"பாக்காம எப்படி இருக்கது? உள்ள என்ன நடக்குன்னு தெரியாம ஒரு மனுஷன் எப்படி இருப்பான்?"

"எல்லாரும் எப்படி இருக்காங்களோ, அப்படித்தான்."

"எனக்கு அது வராதே."

"அது வரலைன்னா பீரும் வராது."

சங்கரலிங்கம் பழக்க தோஷத்தில் போனை எடுத்தார். அதைப் பார்த்தார். அழுத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆரம்பத்துல எடுப்பா," என்றார். "'நல்லா இருக்கேம்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சுருவா. எனக்கு அது போதும். இப்போ அதுவும் இல்ல. அவ அம்மாகிட்ட மட்டும் பேசுதா."

ரெஜினா அவரையும் பீப்பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் வளையத்தின் மேல் விரலை வைத்துவிட்டார்.

"கையை எடுங்க!" என்று கத்தினாள். "வளையத்தைத் தொடாதீங்க. எது நடந்தாலும் தொடாதீங்க. வீட்டுக்குப் போங்க."

'எது நடந்தாலும்' என்று சொல்லியிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட சீடனிடம் அப்படி ஒரு வார்த்தையை விடலாமா? அவள் அனுபவிக்க வேண்டியதாயிற்று.

"குருவே, எல்லாம் நுரை."

இந்தத் தடவை குனியவில்லை. கதவு திறந்தே இருந்தது. சங்கரலிங்கம் பீப்பாயும் கையுமாகச் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காரேஜ் முழுக்கப் பீர் வாடை.

அவர் கட்சி மாறிவிட்டிருந்தார். சொந்தமாகவே ஒரு சிலிண்டர் வாங்கி, அதன் திருகை எவ்வளவு தூரம் திருக முடியுமோ அவ்வளவு தூரம் திருகி, கேஸை உள்ளே விட்டிருக்கிறார். ஆட்டினால் சீக்கிரம் கரையும் என்று யாரோ குழுவில் சொன்னதைக் கேட்டு, பீப்பாயை மடியில் படுக்கப்போட்டு, டிவியில் ஒரு முழு சீரியல் ஓடி முடிகிறவரை ஆட்டியிருக்கிறார். குழந்தையாக இருந்திருந்தால் வாந்தி எடுத்திருக்கும். பீப்பாயும் எடுத்தது. குழாயைத் திறந்ததும் சமையலறைக் கூரைவரை அடித்தது. செண்பகம் ஊரிலிருந்து வாங்கி வந்த புதுத் திரைச்சீலை போயிற்று.

"கிளாஸ் கிளாஸா நுரை குருவே. அடியில ஒரு மடக்கு பீரு."

"ஏன் கட்சி மாறினீங்க?"

"பொறுத்துப் பொறுத்து என்னத்தைக் கண்டேன்? இயற்கையை நம்பி ரெண்டு தடவை ஏமாந்தாச்சு. இனிமே எல்லாம் அழுத்தம்தான். வானதி விஷயத்துலயும் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கேன்."

"என்ன முடிவு?"

"நாளைக்குக் காலையில நேரா அவ இருக்க வீட்டு வாசல்ல போய் உக்காரப் போறேன். 'வீட்டுக்கு வா, இல்லைன்னா இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்'னு சொல்லிரப் போறேன். நாலு பேரு பாத்தா வந்துதானே ஆகணும்?"

ரெஜினா அவரையே பார்த்தாள். 

"நாலு பேரு பாத்தா வருவா," என்றாள். "அதுக்கப்புறம் வரவே மாட்டா."

அவர் காலடியில் பீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி. கேஸ்தான் இவ்வளவு கூடிப்போச்சே. வளையத்தை இழுத்துக் கொஞ்சம் வெளிய விட்டிருக்கலாம்ல?"

"நீங்கதானே தொடாதேன்னீங்க. எது நடந்தாலும்."

டிராமுக்குக் குறுக்கே சைக்கிள்காரர்கள் பாய்ந்தாலும் நிதானம் தவறாதவள் ரெஜினா. இப்போது அந்த நிதானம் போயிற்று. குனிந்து, அவளே வளையத்தை இழுத்தாள். புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. கூடவே நுரையும் வந்து அவள் முகத்தில் அடித்தது.

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குருவே, ஒரே வார்த்தையில சொல்லிருங்க. இயற்கையா, சிலிண்டரா? எது சரி?"

"ரெண்டும் சரி."

"அது எப்படி?"

"நேரம் இருந்தா சர்க்கரை. அவசரம்னா சிலிண்டர். நான் ரெண்டும் செய்வேன். எங்க வீட்டுல குடிச்ச ஒருத்தரும் இது எதுன்னு கேட்டதில்ல."

"குழுவுல இத்தனை நாளா சண்டை போடுதோமே?"

"போடுங்க. நல்லா போடுங்க."

"அப்போ என் தப்பு எங்கதான் இருக்கு?"

ரெஜினா அவர் பீப்பாயில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் ஊற்றினாள். பீப்பாயைக் கழுவிச் சுத்தம் செய்தாள். மூலையில் தன்னுடைய புது பீர் ஒன்று பொங்கி அடங்கி இருந்தது. அதை அதில் நிரப்பினாள். சர்க்கரைக் கரைசலை ஊற்றினாள். மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மூடுங்க."

மூடினார்.

"உக்காந்துச்சா?"

தொட்டுப் பார்த்தார். "இல்ல. லேசா ஆடுது."

"இப்படியே வச்சுட்டு, தினமும் பக்கத்துல போய் 'நுரை வந்துச்சா, நுரை வந்துச்சா'ன்னு கேட்டா?"

"வராது."

"வாசல்ல போய் உக்காந்தா?"

சங்கரலிங்கம் மூடியை மறுபடி ஆட்டிப் பார்த்தார்.

ரெஜினா சிலிண்டர் குழாயைப் பொருத்தினாள். "அடிங்க."

அவர் திருகைத் திறந்தார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். மூடி அசையாமல் நின்றது.

"கையை எடுங்க."

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"உங்க வேலை இவ்வளவுதான் அண்ணாச்சி. மக விஷயத்துல இதைச் செய்யாம, மத்ததை எல்லாம் செஞ்சீங்க."

ரெஜினா ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். சங்கரலிங்கம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு நேரம் ஒன்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

"தங்கச்சி," என்றார் கடைசியில். குருவே என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க."

"கோபம் போச்சா, கோபம் போச்சான்னு தினமும் ரெண்டு வேளை கேட்டேன். நான் அந்த ஆபீசுக்குப் போன் போட்டது தப்புன்னு இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லலியே."

ரெஜினா நிமிரவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் போனை எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. செய்தியைச் சொல்லிவிட்டு வைக்கும்படி ஒரு குரல் சொன்னது. அவர் குரலைச் செருமிக்கொண்டார்.

"வானதி, அப்பா பேசுதேன். அந்த ஆபீசுக்கு நான் போன் போட்டிருக்கக் கூடாது. அது உன் காரியம். உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன். தப்பு எம்மேலதான்மா." மூச்சு வாங்கினார். "நீ எப்போ..."

ஈரத்துணியோடு ஒரு கை நீண்டு வந்து போனை அணைத்தது.

"கையை எடுங்க அண்ணாச்சி," என்றாள் ரெஜினா.

அதற்குப் பின் வந்த நாட்களைச் செண்பகம்தான் சொல்ல வேண்டும். அவள் பட்ட பாடு அப்படி.

பீப்பாய் கம்பளியும் சால்வையும் சுற்றிக்கொண்டு கூடத்து மூலையில் இருந்தது. சங்கரலிங்கம் அதற்கு எதிரே உட்காருவார். எழுந்து போவார். திரும்பி வருவார். கையைக் கட்டிக்கொள்வார். ஒருநாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். புல்வெட்டும் எந்திரத்தை எடுத்துப் புல்லை வெட்டினார். மறுநாளும் வெட்டினார். வெட்டுவதற்குப் புல் இல்லாமல் போனபோது பக்கத்து வீட்டில் போய்க் கேட்டார்.

ஒரே ஒரு முறை ரெஜினாவுக்குப் போன் போட்டார்.

"குருவே, லேசா ஒரு..."

அவள் வைத்துவிட்டாள்.

போனை அவர் செண்பகத்திடம் கொடுத்துவிட்டார். அலமாரியில் வைத்துப் பூட்டு என்றார். பூட்டினாள். சாவி எங்கே என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றாள். நல்லது என்றார்.

வாரங்கள் போயின. வானதியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் செய்தியைக் கேட்டாளா, கேட்காமலே அழித்துவிட்டாளா, தெரியாது. அம்மாவிடம் பேசும்போது அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. செண்பகமும் சொல்லவில்லை. சில ராத்திரிகளில் அவர் தூங்காமல் புரள்வது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. ஐயோ பாவம் என்று இருந்தது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை செண்பகத்தின் போனில் ரெஜினாவே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இந்நேரம் ஆகியிருக்கும். குளிர்ல வச்சுத் தொறங்க."

"ஃபிரிட்ஜுல வச்சாச்சு. தொறக்கல."

"ஏன்?"

"முதல் கிளாஸ் அவளுக்குன்னு பேச்சு."

"பீரு ரெடின்னு அவகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

ரெஜினாவுக்கு இந்த மனிதரிடம் முதல் தடவையாகத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இன்னும் சில நாள் போயிற்று. ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. செண்பகம் கடைக்குப் போயிருந்தாள். சங்கரலிங்கம் போய்க் கதவைத் திறந்தார்.

வானதி நின்றாள். தோளில் பை. காலில் ஷூ. உள்ளே வரவில்லை.

அவருக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. செய்தியைக் கேட்டாயா, சாப்பிட்டாயா, வேலை ஏதும் கிடைத்ததா, கோபம் போச்சா, எத்தனை நாள் இருப்பாய். எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து நின்றன. கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா," என்றார்.



வானதி காத்திருந்தாள். அடுத்த கேள்வி எப்படியும் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரவில்லை. அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"பீர் எப்படிப்பா வந்திருக்கு?"

"தெரியலம்மா," என்றார் சங்கரலிங்கம். "நான் இன்னும் தொறந்து பாக்கல."

"தொறக்கவே இல்லியா? நீங்களா?"

"நான்தான்."



வானதி பையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றினாள்.